கோமாளி மார்க் புஸ்வாணம்

சிவகாசியில் "யோகா ஸ்டுடியோ" என்று போர்டு மாட்டியிருக்கும் வெள்ளைத்துரையிடம் ஆசனம் படிக்க வந்தவர்களும் உண்டு. மகள் யோகேஸ்வரியின் பெயரைப் பாதியாக வெட்டி வைத்ததால் வந்த வினை. அப்படி வருகிறவர்களிடம், "இங்கன ஒரே ஆசனம்தான். அந்த ஸ்டூல்ல நேரா உக்காரணும், அம்புட்டுத்தான்" என்பார். பாதிப் பேர் சிரித்துவிட்டுப் போவார்கள். மீதிப் பேர் வந்ததற்கு ஒரு படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

முகம் எடுக்க அவரை விட்டால் ஆள் இல்லை என்று ஊரில் பேச்சு. கல்யாணம், காதுகுத்து என்று மண்டபம் மண்டபமாக ஓடமாட்டார். ட்ரோன் விடமாட்டார். முகம் மட்டும்தான். அதற்கு அவர் வைத்திருந்த வழி வேறு யாரிடமும் கிடையாது. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, அதற்குப் பின்னால் போகாமல் பக்கத்தில் நின்றுகொள்வார். கையில் ரிமோட் இருக்கும். அங்கே நின்று காக்காயாகக் கரைவார், தாசில்தாராக அதட்டுவார், பஸ் கண்டக்டராகச் சில்லறைக்குச் சண்டை போடுவார். எதிரே இருப்பவர் முகம் எப்போது இளகுகிறதோ அப்போது விரல் அமுக்கும். அதனால் அவர் எடுத்த எந்தப் படத்திலும் கண் நேராக இருக்காது. கொஞ்சம் ஓரமாக ஓடியிருக்கும். யாராவது குறை சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். மிசினைப் பார்த்துச் சிரிக்கிறவன் எவன், மனுசன் மனுசனைப் பார்த்துத்தானே சிரிப்பான் என்பார்.

இதை அவர் எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை. மீசை முளைக்கும் முன்பே விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் மைக்கைப் பிடித்துப் பல குரல் பேசினார். கரகாட்டக் கோஷ்டிக்குப் பக்கத்தில் நின்று கேலி பேசினார். மேஜிக் ஷோவில் பெட்டிக்குள் போய்க் காணாமல் போகிற ஆளாக இருந்தார். ஆர்கெஸ்ட்ராவில் பாடகர் வராத அன்றைக்குப் பாடினார், வந்த அன்றைக்கு நாற்காலி தூக்கிப் போட்டார். சோப்புக் கம்பெனி வேனில் ஊர் ஊராகக் கத்தினார். லோக்கல் கேபிளில் மார்க்கெட்டுக்கு வருகிறவர்களை மறித்துக் கேள்வி கேட்டார். இத்தனைக்கும் நடுவில், நாடகங்களில் பபூன் வேஷம் மட்டும் விடாமல் இருந்தது. கடைசியில் பொருட்காட்சியில் அட்டை நிலா வைத்துப் படம் எடுக்கிற கடைக்கு ஆள் கூப்பிட நின்றார். கடைக்காரர் டீ குடிக்கப் போகும்போது கேமராவை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போவார். கடைக்காரர் எடுத்ததில் எல்லாரும் முழித்துக்கொண்டிருந்தார்கள். இவர் எடுத்ததில் சிரித்தார்கள். அங்கே பிடித்த கேமராவைத்தான் இன்னும் விடவில்லை.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு ஆலைகளுக்கு வேனில் போகிற பெண்கள் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருவார்கள். எம்புட்டுத்தான் குளித்தாலும் காது மடலில் அலுமினியப் பொடி மினுங்கும். கம்பெனிக்கு முறைத்த முகம் ஒன்று, வீட்டுக்குச் சிரித்த முகம் ஒன்று என்று இரண்டாக எடுத்துக் கொடுப்பார். எப்போதாவது ஒருநாள் அந்தச் சிரித்த முகத்தைப் பெரிசு பண்ணித் தரச் சொல்லி வீட்டு ஆள் வந்து நிற்கும், ஃப்ளெக்ஸ் போர்டுக்கு. எதற்கென்று அவர் கேட்கமாட்டார். அன்றைக்குச் சீக்கிரமே கடையைச் சாத்திவிடுவார்.

சாத்தினால் போவதற்கு ஒரு இடம் வேண்டுமே. ஸ்டுடியோவுக்குப் பின்னால் இருந்த அறைதான் வீடு. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, வேஷம் போட்ட காலத்துக் கண்ணாடி ஒன்று. பகலெல்லாம் ஊரைச் சிரிக்க வைத்த வாய், ஷட்டரை இறக்கியதும் பேச ஆள் இல்லாமல் மூடிக்கொள்ளும். சில நாள் வெறும் சுவரிடம் ஏதாவது ஒரு குரலில் பேசிப் பார்ப்பார். சுவர் என்ன, கையா தட்டும்?

முத்துச்செல்வி இருந்தபோது அப்படி இல்லை. நாடகக் கோஷ்டியில் ஒப்பனைப் பெட்டி அவள் பொறுப்பு. வெள்ளைத்துரையை எதிரே உட்கார வைத்து, மோவாயைப் பிடித்துக்கொண்டு, முகம் பூராவும் வெள்ளை பூசுவாள். வெள்ளை ஏறியதும் அவருடைய வலது கன்னத்து மச்சம் காணாமல் போய்விடும். அதைக் கடைசியில் மையைத் தொட்டு, இருந்த இடத்திலேயே பெரிசாக வைப்பாள். "மச்சம் இல்லாட்டி ஊரான் புருசன் மாரி இருக்கு" என்பாள். கல்யாணமும் அந்தப் பெட்டி முன்னால் பேசி முடித்ததுதான்.

அந்தச் சமயத்தில்தான் பட்டாசுக் கம்பெனி முதலாளி கனகசபாபதி விருதுநகரில் நாடகம் பார்க்க வந்தார். பபூனைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தவர், மறுவாரமே ஆளை வரச் சொல்லி, வேஷத்தோடு படம் எடுத்து, புஸ்வாண டப்பாவின் மேல் அச்சடித்துவிட்டார். கோமாளி மார்க் புஸ்வாணம். முதல் டப்பா கைக்கு வந்ததும் வெள்ளைத்துரை அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியில் தெரிகிற முகம் அச்சு அசலாக டப்பாவில் இருந்தது. முத்துச்செல்விக்கு மட்டும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "என்னமோ ஒங்கள மாரியே இல்ல" என்றாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டார் மனிதர்.

வாயைத் திறந்தால் பத்துக் குரல் வரும், சொந்தக் குரல் மட்டும் வராது. அதுதான் முத்துச்செல்விக்கு ஆகாமல் போயிற்று. வீட்டில் அரிசி இல்லை என்றால் மந்திரி குரலில் ஆவன செய்யப்படும் என்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கம்பவுண்டர் குரலில் மருந்து எழுதுவார். ஊரே சிரித்தது. கூடக் குடும்பம் நடத்துகிறவள் எத்தனை நாளைக்குச் சிரிப்பாள்? அவளுடைய அண்ணன் நாக்பூரில் முறுக்குக் கடை வைத்திருந்தான். குடும்பத்தோடு வரச் சொல்லிக் கூப்பிட்டான். வெள்ளைத்துரை வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

விருதுநகர் ரயில் நிலையத்தில், ரயில் உள்ளே வந்துகொண்டிருக்கும்போது, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்.

"கடைசியாக் கேக்கேன். நீங்க வாரீகளா, வரலையா?"

வருகிறேன் என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். அது சத்தியம். ஆனால் வெளியே வந்தது சளி பிடித்த சேவல். யோகேஸ்வரிக்குச் சோறு ஊட்டுவதற்காகக் கண்டுபிடித்த சேவல் அது. இரண்டு தும்மல் தும்மும், அப்புறம் கூவ ஆரம்பித்துப் பாதியில் இருமும், கடைசியில் மூக்கை உறிஞ்சும். பிள்ளை கெக்கெக்கே என்று சிரித்தது. முத்துச்செல்வி சிரிக்கவில்லை. பிள்ளையோடு ரயிலில் ஏறிவிட்டாள்.

கோபத்தில் போகிறாள், பொங்கலுக்கு வந்துவிடுவாள் என்று இருந்தார். வரவில்லை. நாக்பூருக்கே தேடிப் போனார். முறுக்குக் கடை இருந்த இடத்தில் யாரோ செருப்பு விற்றுக்கொண்டிருந்தார்கள். இன்னும் வடக்கே போய்விட்டார்கள் என்பதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. அதன் பிறகு அந்தச் சேவலை அவர் யாருக்கும் கூவிக் காட்டவில்லை.

மிச்சம் இருந்தது டப்பா ஒன்றுதான். கோமாளி மார்க் புஸ்வாணத்துக்கு வடக்கே நல்ல ஓட்டம். வருசா வருசம் சீசன் சமயத்தில் வெள்ளைத்துரை கம்பெனி ஆபீசுக்குப் போய், பழைய கணக்குப்பிள்ளை முனியராஜிடம், "வடக்க லோடு போயிருச்சா?" என்று மந்திரி குரலிலோ கண்டக்டர் குரலிலோ கேட்டுவிட்டு வருவார். போய்விட்டது என்றால் நிம்மதி. எந்த ஊரோ, எந்தத் தெருவோ, தீபாவளிக்கு ஒரு டப்பா அவர்கள் வீட்டுக்குள் போகும். மகள் அதைப் பிரிப்பாள். இதுதான் உங்கப்பன் என்று முத்துச்செல்வி சொல்லுவாளோ மாட்டாளோ, மூஞ்சி அங்கே இருக்கும். பைத்தியக்கார நம்பிக்கைதான். ஆனால் அவருக்கு வருசத்தில் ஒருநாள் வீடு என்று இருந்தது அது மட்டும்தான்.

போன தை மாதம் ஹரிஷ்குமார் ஸ்டுடியோவுக்கு வந்தான். கனகசபாபதி காலமான பிறகு கம்பெனியைப் பார்க்கிற மகன். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். மனைவியையும் நாலு வயது மகள் ஹர்ஷினியையும் கூட்டி வந்திருந்தான்.

"அண்ணாச்சி, நம்ம புஸ்வாண லேபிள மாத்தலாம்னு இருக்கேன். அந்தக் கோமாளி மூஞ்சியப் பாத்தா இப்ப உள்ள பிள்ளைக பயப்படுதுக. போன்ல கோமாளின்னாலே பேய்ப் படமால்லா வருது. வடக்க டீலர்களும் சொல்லிட்டாக. நம்ம பாப்பா மொகத்தப் போட்டுருவோம். நீங்க எடுத்தாத்தான் நல்லாருக்கும்."

அந்தக் கோமாளி யாரென்று பழைய ஆள் முனியராஜுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. வெள்ளை பூசிய முகத்தையும் எதிரே நிற்கிற நரைத்த தலையையும் யார் சேர்த்துப் பார்க்கப் போகிறார்கள்? அது நான்தான் தம்பி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெள்ளைத்துரைக்கு வாய் வரவில்லை. சொன்னால் பாவம் பார்ப்பான். பாவம் பார்த்து ஒட்டுகிற லேபிள் எதற்கு என்று தோன்றியது. "எடுத்துருவோம் மொதலாளி" என்றார்.

பிள்ளையை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். பட்டுப் பாவாடை, தலை நிறையப் பூ. லைட்டைப் போட்டதும் பிள்ளை மிரண்டுவிட்டது. அம்மா பொம்மையைக் காட்டினாள், அப்பன் சாக்லேட்டைக் காட்டினான். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெள்ளைத்துரை வழக்கம்போல் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றார். காக்காயும் வரவில்லை, தாசில்தாரும் வரவில்லை. வரவில்லையா, வரவிடவில்லையா என்று அவருக்கே தெளிவில்லை.

"பாப்பாவுக்கு இன்னைக்கு மூடு சரியில்ல போல" என்றான் ஹரிஷ்குமார். "அச்சுக்கு வேற நாளாகுது. இந்த வருசத்துக்குப் பழைய லேபிளே ஓடட்டும் அண்ணாச்சி. அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்."

அவ்வளவுதான். சும்மா நின்றால் போதும். வாயை மூடிக்கொண்டு நிற்கிற இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டால், அவர் முகம் இன்னும் ஒரு தீபாவளிக்கு வடக்கே போகும். சரி தம்பி என்று சொல்லக் கழுத்தைக்கூட அசைத்துவிட்டார். அப்போது பிள்ளையின் கீழுதடு பிதுங்கியது. யோகேஸ்வரிக்கும் அப்படித்தான் பிதுங்கும், அழுகைக்கு முந்தி. இத்தனை பேர் சுற்றி நிற்க, ஒரு சின்ன உயிர் வெளிச்சத்தில் தனியாக உட்கார்ந்து அழப்போகிறது. எதிரே ஒருத்தர் அழப்போகும்போது சும்மா நிற்பதற்கு அவர் எந்த மேடையிலும் பழகியதில்லை.

அவர் தும்மினார்.

பிள்ளை திரும்பிப் பார்த்தது. இன்னொரு தும்மல். பிறகு சேவல் கழுத்தை நீட்டிக் கூவ ஆரம்பித்து, பாதியில் இருமி, வெட்கப்பட்டு மூக்கை உறிஞ்சியது. இத்தனை வருசம் பூட்டி வைத்த குரல் கொஞ்சமும் துருப்பிடிக்காமல் வந்தது. ஹர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்தாள். முன்பல் இரண்டும் தெரிய, கண்ணில் நீர் முட்டச் சிரித்தாள். விரல் அமுக்கிவிட்டது.

திரையில் படத்தைப் பார்த்த ஹரிஷ்குமாரின் மனைவி அதைத் தன் போனில் பிடித்துக்கொண்டாள். அவன் மட்டும், "கேமராவப் பாக்கலையே அண்ணாச்சி, கண்ணு ஓரமாப் போகுதே" என்றான். பிறகு அவனே, "ஆனா இத விட்டா இப்பிடி ஒண்ணு கிடைக்காது" என்றான். அவர்கள் போன பிறகு வெள்ளைத்துரை அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அழுகை வந்தது, அழுதார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டதை நினைத்துக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

சீசன் வந்தது. புதிய டப்பா கடைகளில் அடுக்கியிருப்பதைப் பார்த்தார். ஹர்ஷினி சிரித்துக்கொண்டிருந்தாள். கால் பழக்கதோஷத்தில் கம்பெனி வாசல் வரைக்கும் போய்விட்டது. லோடு போயிருச்சா என்று கேட்க வாயெடுத்தவர், போனால் என்ன போகாவிட்டால் என்ன என்று தோன்றித் திரும்பிவிட்டார். தீபாவளி அன்றைக்குச் சிவகாசியே வெறிச்சோடிக் கிடந்தது. ஊருக்கெல்லாம் வெடி அனுப்பிய ஊர் அசந்து தூங்கியது. அவர் அறையைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடந்தார். வடக்கே எங்கேயோ ஒரு வீட்டில் டப்பாவைப் பிரித்திருப்பார்கள். அதில் அவர் இல்லை. செத்தவனுக்காவது ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் முனியராஜ் வந்தார். டப்பாவின் அடியில் குறை சொல்வதற்கென்று ஒரு போன் நம்பர் போட்டிருப்பார்கள். நமுத்துப்போச்சு, வெடிக்கலை, புகைதான் வந்துச்சு என்று தீபாவளிக்கு நாடே அதில் கூப்பிட்டு ஏசும். அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொள்வது முனியராஜின் வேலை. கண்ணெல்லாம் சிவந்துபோய் இருந்தார்.

"அண்ணாச்சி, நேத்து ஒரு அம்மா பேசுனாக. வடக்க இருந்து. ஆனா பேச்சு நம்ம ஊருப் பேச்சு. டப்பாவுல இருந்த கோமாளி எங்கன்னு கேட்டாக. மாத்தியாச்சும்மான்னேன். பெறகு, அந்த ஆளு இருக்காரா, இல்லன்னா... அப்பிடின்னு இழுத்துட்டு நிப்பாட்டிட்டாக."

வெள்ளைத்துரை கட்டிலில் இருந்து எழுந்து தாசில்தார் குரலில் அதட்டினார். "நீரு என்ன சொன்னீரு?"

"நல்லாருக்காகம்மான்னேன். ஒங்களுக்கு அவுகளத் தெரியுமான்னேன். சம்பந்தமில்லாம என்னைய ஏச ஆரம்பிச்சிட்டாக. இத்தன வருசமா படத்தத் தப்பா அடிச்சிருக்கீக, மச்சம் வலது கன்னத்துல இருக்கணும், நீங்க எடது கன்னத்துல வச்சிருக்கீகன்னு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. பெறகு பழைய டப்பாவ எடுத்துப் பாத்தேன். நெசந்தான் அண்ணாச்சி. அந்தக் காலத்துல பிலிம் வச்சுல்லா அச்சுப் பிளேட் போட்டாக. எவனோ பிலிமத் திருப்பி வச்சுத் தொலைச்சிருக்கான். எடது வலது மாறினத ஒருத்தரும் கவனிக்கல."

வெள்ளைத்துரை அலமாரியில் இருந்த பழைய டப்பாவை எடுத்தார். கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். கண்ணாடியில் நின்ற ஆளுக்கு மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. டப்பாவில் இருந்த ஆளுக்கும் இடது கன்னம்தான். கையைக் கன்னத்துக்குக் கொண்டுபோனார். விரல் தொட்டது வலது கன்னத்தை. ஊரில் உள்ள முகத்தையெல்லாம் எடுத்த ஆளுக்குத் தன் முகம் கண்ணாடியில் கண்டதோடு சரி. எதிரே உட்கார்ந்து, மோவாயைப் பிடித்து, மை தொட்டு வைத்தவளுக்குத்தான் அது எந்தப் பக்கம் என்று தெரியும். அவள் வருசா வருசம் பார்த்திருக்கிறாள். பார்த்து வருசா வருசம் கம்பெனியைத் திட்டியும் இருக்கிறாள்.

"இன்னும் என்ன சொன்னா?"

"கோவப்படாதீகம்மா, இந்த வருசத்துப் படமே அவுக எடுத்ததுதான்னேன். டப்பாவ எடுத்துப் பாத்திருப்பாக போல. பிள்ள நேராப் பாக்கல, பக்கத்துல நிக்கிற ஆளப் பாத்துல்லா சிரிக்குதுன்னாக. ஆமாம்மா, அவுக அப்பிடித்தான் எடுப்பாகன்னேன். அப்பந்தான் அந்தக் கூத்து. சேவலுக்குச் சளி பிடிச்சிருக்கும்னு சொல்லிட்டுச் சிரிச்சாக. அது என்ன கணக்குன்னு எனக்குப் புரியல. ஒங்க நம்பரத் தரவாம்மான்னேன். வேண்டாம்னுட்டாக. ஆனா அவுக நம்பரு எம் போன்ல கெடக்கு. ஒங்களுக்கு வேணும்னா..."

முனியராஜ் போனை நீட்டினார். வெள்ளைத்துரை அதைப் பார்க்கவில்லை. பழைய டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சிரிச்சாளா?" என்றார்.

"சிரிச்சாக."

"நல்லாக் கேட்டீரா? சேவல்னு சொல்லிட்டுத்தான் சிரிச்சாளா?"

சொந்தக் குரலில்தான் கேட்டார். அந்தக் குரலை முனியராஜ் அதுவரை கேட்டதில்லை, யாரோ பேசுகிறார்கள் என்று ஒரு கணம் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஆமா அண்ணாச்சி. சேவல்னு சொல்லிட்டுத்தான் சிரிச்சாக. சிரிச்சிட்டு வச்சிட்டாக."